வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அட்மிஷன் கதவு குறுகலா, அகலமா?

அமெரிக்காவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை 11ஆம் வகுப்புக்கு வந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும். வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளை செய்தால் அதிக மார்க் கேட்பார்களா, இல்லை, ஃபீஸ் கூடுதலாகக் கட்டுகிறோம் என்பதால் சுலபமாகக் கொடுத்துவிடுவார்களா? ஒருவர் தன் மகளுக்கு எல்லாவற்றிலும் ஏ இருந்தும் வடக்கு கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் கிடைக்கவில்லை என்பார். இன்னொருவர், தன் மகனை அலபாமாவில் ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூப்பிட்டார்கள் என்பார். இரண்டுமே நடப்பதுதான். மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு, ஏன் வேறு என்பது புரிந்துவிட்டால் எங்கே அப்ளை செய்வது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் "பப்ளிக் யூனிவர்சிட்டி" என்றால் மாநில அரசின் பல்கலைக்கழகம். 1862இல் வந்த மாரில் சட்டத்தின்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது, அதை விற்றுக் கல்லூரி தொடங்கச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு அவற்றை ஆண்டாண்டாக நடத்தியது அந்தந்த மாநிலத்துச் சட்டமன்றமும் அங்கே வரி கட்டுகிறவர்களும்தான். அதனால் "எங்கள் வரிப்பணம், எங்கள் பிள்ளைகளுக்கு முதலிடம்" என்ற எண்ணம் அங்கே ரொம்ப இயல்பானது. நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய், மீதி 85 சதவீதம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறதல்லவா, அதே உணர்வுதான். என்ன வித்தியாசம் என்றால், அங்கே எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒரு விகிதம் கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்கிறது, சில மாநிலங்கள் முடிவே செய்யாமல் பல்கலைக்கழகத்தின் கையில் விட்டுவிடுகின்றன.

அடுத்தது கட்டணம். இந்தியானாவில் இருக்கும் பர்டூ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் பல வருடங்களாக ஃபீஸை ஏற்றாமல் வைத்திருப்பதற்குப் பேர்போன இடம் அது. அங்கேயே உள்ளூர்ப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்றுக் குறைவு, வெளிமாநிலப் பிள்ளைக்கு 29,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்த இடைவெளி இன்னும் பயங்கரம்: உள்ளூருக்கு 18,000 டாலர் அளவில், வெளியூருக்கு 60,000 டாலர் அளவில். ஒரே வகுப்பு, ஒரே பேராசிரியர், ஒரே பட்டம். தங்குமிடம், சாப்பாடு இதில் சேரவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாநில மக்கள் "எங்கள் பிள்ளைக்கு இடம் கொடு" என்று ஒரு பக்கம் இழுக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணம் கொண்டுவருகிறது, அது மறுபக்கம் இழுக்கிறது. எந்த இழுப்பு வலுவாக இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் கதவு குறுகலா அகலமா என்பது. பிள்ளையின் திறமை இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது. கசப்பாக இருக்கிறது, ஆனால் இதுதான் நிலவரம்.

கதவு குறுகலான இடங்களை முதலில் பார்ப்போம். வடக்கு கரோலினாவில் 1986 முதல் ஒரு விதி இருக்கிறது. சாப்பல் ஹில்லில் முதலாண்டு சேர்கிறவர்களில் வெளிமாநிலத்தார் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது வெறும் காகித விதி இல்லை. அடுத்தடுத்து இரண்டு வருடம் வரம்பைத் தாண்டியதற்காக, 2016இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நிதி வெட்டு விழுந்தது. இப்போது நாடு முழுவதிலிருந்தும் அந்த 18 சதவீதத்துக்குள் நுழைய எத்தனை பேர் முட்டி மோதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர் விண்ணப்பங்களில் பத்துக்குச் சுமார் நான்கு தேறுகின்றன, வெளியூர் விண்ணப்பங்களில் பத்துக்கு ஒன்று தேறினாலே பெரிது. இங்கே ஒரு வெளிமாநிலப் பிள்ளைக்கு "அளவுகோல் கூடுதல்" என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. இடம் குறைவு, கூட்டம் அதிகம், அதனால் அளவுகோல் தானாக ஏறிவிடுகிறது.

டெக்சஸ் வேறு மாதிரி. 1996இல் ஹாப்வுட் வழக்கின் தீர்ப்பால் அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்க முடியாமல் போனதும், 1997இல் சட்டமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது: மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும், வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்காமல் போக, உள்ளூர் இடங்களில் முக்கால் பங்கு மட்டும் இப்படி நிரம்பட்டும் என்று பிறகு திருத்தினார்கள். அதற்கேற்ப அங்கே அந்த 10 சதவீதம் 6ஆகச் சுருங்கி, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்கிறவர்களுக்கு 5ஆகிவிட்டது. வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் பத்தில் ஒரு பங்கு. டாலஸ் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் "எங்கள் பிள்ளைக்கே ரேங்க் கிடைக்கவில்லை" என்று புலம்புவார்கள். அதுவும் நியாயமான புலம்பல்தான், போட்டி கடுமையான பள்ளியில் முதல் 5 சதவீதம் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் கலிபோர்னியாவிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ ஆஸ்டினுக்கு அப்ளை செய்யும் பிள்ளைக்கு அந்த நேரடி வழியே கிடையாது.

ஃப்ளோரிடாவில் எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து வெளிமாநிலத்தாருக்கு 10 சதவீத வரம்பு இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக்கில் உள்ளூர்ப் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கிடைக்கிறது, வெளியிலிருந்து வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான். இந்த ஒரு உதாரணத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலான தரவரிசை இணையதளங்கள் இரண்டையும் கலந்து "அக்செப்டன்ஸ் ரேட்" என்று ஒரே எண்ணைப் போடுகின்றன. அந்தக் கலப்பு எண் உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. உள்ளூர்ப் பிள்ளைக்கு அது வீண் பயத்தைக் கொடுக்கும், வெளியூர்ப் பிள்ளைக்கு வீண் நம்பிக்கையைக் கொடுக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்த அட்மிஷன் பக்கத்தில் ரெசிடென்ட், நான்-ரெசிடென்ட் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். நிறைய இடங்களில் போட்டிருப்பார்கள்.

சில இடங்களில் வித்தியாசம் எழுத்திலேயே இருக்கும். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், உறுதியாக இடம் கிடைக்கத் தேவையான தகுதிகளில் ஒன்றாக எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மார்க்கைக் காட்டினால், உள்ளூர்ப் பிள்ளைக்கு 1120, வெளியூர்ப் பிள்ளைக்கு 1180 என்று வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அப்ளை செய்யவே குறைந்தபட்ச ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) உள்ளூருக்கு 3.0, வெளியூருக்கு 3.4. இவை வாசற்படி அளவுதான், அதன் பெர்க்லி வளாகத்தில் இடம் கிடைக்க 3.4 போதும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சரி, கதவு அகலமான கதைக்கு வருவோம். இதற்குக் கலிபோர்னியாவைவிட நல்ல பாடம் கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960இல் கலிபோர்னியா ஒரு பெருந்திட்டம் போட்டது. மாநிலத்துப் பள்ளி மாணவர்களில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம், மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கினருக்கு கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி என்ற இன்னொரு அமைப்பில் இடம், மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். எவ்வளவு பெரிய வாக்குறுதி! அதை ரொம்ப காலம் காப்பாற்றவும் செய்தார்கள். 2008இல் பொருளாதாரம் சரிந்ததும் மாநில அரசு உயர்கல்விக்கான நிதியில் கை வைத்தது. பல்கலைக்கழகம் பணத்துக்கு எங்கே போகும்? உள்ளூர் ஃபீஸை ஏற்றியது, கூடவே வெளியூர்ப் பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்த்தது. வெளியூர்ப் பிள்ளை கட்டும் கூடுதல் தொகை மட்டும் இப்போது ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும்.

அந்த நேரத்தில், 2011இல், சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. அதற்கு முன், வெளியூர்ப் பிள்ளை என்றால் சேரத் தகுதியுள்ள உள்ளூர்ப் பிள்ளைகளில் மேல்பாதிக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டி விதி. அதைத் தளர்த்தி, உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நன்றாக இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். 2016 மார்ச்சில் மாநிலத் தணிக்கையாளர் ஒரு அறிக்கை வெளியிட்டார், அது பெரிய அளவில் வெடித்தது. 2010-11க்கும் 2014-15க்கும் இடையில் வெளியூர் மாணவர் எண்ணிக்கை 82 சதவீதம் உயர்ந்திருக்கிறது, அதே காலத்தில் உள்ளூர் மாணவர் எண்ணிக்கை 1 சதவீதம் குறைந்திருக்கிறது. மூன்று கல்வியாண்டுகளில் ஏறக்குறைய 16,000 வெளியூர்ப் பிள்ளைகள், அதே வளாகத்தில் சேர்க்கப்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகளின் இடைநிலை மார்க்குக்குக் (வரிசையில் சரிபாதியில் நிற்கும் மார்க்குக்குக்) கீழே இருந்தும், அதாவது ஜிபிஏ, தேர்வு மார்க் என்று பார்த்த எல்லாவற்றிலும் கீழே இருந்தும், இடம் பெற்றிருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை.

பல்கலைக்கழகம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதைய தலைவர் ஜேனட் நபோலிடானோ அறிக்கையைக் கடுமையாக மறுத்தார். மாநிலம் கொடுக்காத பணத்தை வெளியூர்ப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள், அந்தப் பணம் இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே இடம் இன்னும் குறைந்திருக்கும் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு என் கருத்து இது: தணிக்கையாளர் காட்டிய கணக்கு உண்மையான அநியாயத்தைத்தான் காட்டியது, ஆனால் அதற்கான பொறுப்பில் பெரும்பங்கு நிதியை வெட்டிய சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பணத்தையும் கொடுக்க மாட்டேன், வெளியூர்ப் பிள்ளையையும் சேர்க்காதே என்று ஒரே வாயால் சொல்ல முடியாது.

கடைசியில் 2017இல் வரம்பு வந்தது. பெரும்பாலான வளாகங்களில் வெளியூர், வெளிநாடு சேர்த்து 18 சதவீதம், ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, அர்வைன் வளாகங்கள் அப்போதிருந்த அளவுக்கு மேல் போகக் கூடாது. 2021க்குப் பிறகு மாநில அரசு இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுத்து, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றையும் படிப்படியாக 18க்கு இறக்கச் சொல்லியிருக்கிறது. ஆக, 2012இல் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்கு பெர்க்லி எப்படிக் கிடைத்தது என்ற கதையை வைத்து இப்போது முடிவெடுக்காதீர்கள். விதியே மாறிவிட்டது.

எல்லா மாநிலமும் கலிபோர்னியா மாதிரி சண்டை போட்டுக்கொள்வதில்லை. வெர்மான்ட் ரொம்பச் சின்ன மாநிலம், உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை நடத்த முடியாது, அங்கே பாதிக்கும் வெகு மேலே வெளியூர்ப் பிள்ளைகள். மிச்சிகனில் கிட்டத்தட்டப் பாதி. அலபாமா 2003க்குப் பிறகு திட்டம் போட்டே வளர்ந்தது: இன்ன ஜிபிஏ, இன்ன தேர்வு மார்க் இருந்தால் இவ்வளவு ஸ்காலர்ஷிப் என்று பட்டியல் போட்டு வெளியிட்டது, நல்ல மார்க் உள்ள வெளியூர்ப் பிள்ளைகள் குவிந்தார்கள், இப்போது முதலாண்டு வகுப்பில் அவர்கள்தான் அதிகம். அந்தப் பிள்ளைகள் தரத்தில் குறைந்தவர்கள் இல்லை. பல்கலைக்கழகம் அவர்களைத் தேடிப் போய், மார்க்கைப் பார்த்துக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்து, தன் சராசரியையும் வருமானத்தையும் சேர்த்தே உயர்த்திக்கொண்டது. விஸ்கான்சின் மேடிசன் இன்னொரு வழி பிடித்தது. சதவீத வரம்பை விட்டுவிட்டு, ஆண்டுக்குக் குறைந்தது 3,600 உள்ளூர்ப் பிள்ளைகளையாவது முதலாண்டில் சேர்ப்போம் என்று உறுதி கொடுத்தது. உள்ளூருக்கு ஒரு எண்ணிக்கை உத்தரவாதம், அதற்கு மேல் வளாகம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வெளியூர். எனக்குத் தெரிந்தவற்றில் இது கொஞ்சம் நேர்மையான ஏற்பாடு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் வெளியூர் அக்செப்டன்ஸ் ரேட் உள்ளூரைவிட அதிகமாகவோ சமமாகவோ தெரியும். உடனே "வெளியூருக்குத் தரம் குறைவு" என்று முடிவு கட்டக் கூடாது. அட்மிஷன் கிடைத்த வெளியூர்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் ஃபீஸைப் பார்த்துவிட்டு வராமல் போய்விடுவார்கள். அது தெரிந்து, ஒரு இடத்துக்கு மூன்று நான்கு பேருக்குக்கூட ஆஃபர் கொடுப்பார்கள். அப்புறம், எந்தப் பாடம் என்பதும் முக்கியம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொதுவாக வெளியூர்ப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை, ஆனால் நேரடியாக கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் பெரும் முன்னுரிமை, வெளியூரிலிருந்து நூற்றில் ஒருசிலருக்குத்தான் கிடைக்கிறது. நம் வீடுகளில் அப்ளை செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பாடத்துக்குத்தான் செய்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து எல்லோரும் கேட்பது: "ஒரு வருஷம் அந்த ஊரில் இருந்துவிட்டால் உள்ளூர் ஆகிவிடலாமா?" அவ்வளவு எளிதில்லை. பெரும்பாலான மாநிலங்கள் 12 மாதம் கேட்கின்றன, ஆனால் அந்த 12 மாதமும் அங்கேயே குடியிருக்கும் எண்ணத்தோடு இருந்திருக்க வேண்டும், படிக்க வந்து தங்கியது கணக்கில் வராது. மாநில வருமான வரி, டிரைவிங் லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம் என்று ஆதாரம் கேட்பார்கள். பிள்ளை பெற்றோரைச் சார்ந்திருந்தால் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் இந்தச் சோதனை இன்னும் கடுமை. அதே நேரம், ஒருமுறை வெளியூர் என்று பதிந்தால் கடைசிவரை வெளியூர்தான் என்றும் மாநிலம் சொல்ல முடியாது. கனெக்டிகட் அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தது, 1973இல் விலாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. தான் உண்மையில் குடிவந்துவிட்டேன் என்று நிரூபிக்க மாணவருக்கு வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும்.

விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் சிக்கல். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் பிள்ளை எத்தனை வருடம் இருந்தாலும் பொதுவாக உள்ளூர் ஆக முடியாது. உலக வங்கி போன்ற அமைப்புகளில் வேலை செய்கிறவர்களின் ஜி-4 விசாப் பிள்ளைகளுக்கு மேரிலாந்து உள்ளூர்க் கட்டணத்தை மறுத்தபோது, 1982இல் டால் எதிர் மொரீனோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளை கலிபோர்னியா, டெக்சஸ் போன்ற மாநிலங்கள் உள்ளூராக ஏற்கின்றன, எல்லா மாநிலமும் அப்படி இல்லை. கிரீன் கார்டு வரிசையில் பல வருடம் நிற்கும் இந்தியக் குடும்பங்களுக்கு உண்மையான வலி வேறு இடத்தில் இருக்கிறது: பிள்ளைக்கு 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும், அப்போது படிப்பின் நடுவில் கட்டணம் வெளியூருக்குத் தாவும் அபாயம் இருக்கிறது. நான்கு வயதில் வந்து, அங்கேயே வளர்ந்து, அந்த மாநிலத்தின் பள்ளியிலேயே படித்த பிள்ளையை 21வது பிறந்தநாளில் வெளியாள் ஆக்குவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. உங்கள் வீட்டில் இந்த நிலை என்றால், பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, 21க்குப் பிறகு என்ன ஆகும் என்று எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள்.

மாஸ்டர்ஸ், பிஎச்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் அவ்வளவாகப் பொருந்தாது. நான் சொன்ன வரம்புகள் முக்கியமாக இளங்கலைக்கானவை, பிஎச்டியில் பெரும்பாலும் கட்டணத்தைத் துறையே பார்த்துக்கொள்கிறது.

கடைசியாகப் பணம். வெளியூர்ப் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகம் வருமானத்தைப் பார்த்து உதவி செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2016 வாக்கில் அதைப் புதிய வெளியூர் மாணவர்களுக்கு நிறுத்தியே விட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சாப்பல் ஹில்லும் விதிவிலக்கு, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வெளியூர்ப் பிள்ளைக்கும் முழுத் தேவையை ஈடுகட்டுகின்றன. மற்றபடி, பக்கத்து மாநிலங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தங்களைத் தேடுங்கள். மேற்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் வெளியூர்ப் பிள்ளை உள்ளூர்க் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. மினசோட்டாவும் விஸ்கான்சினும் தங்களுக்குள் கட்டண ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. தெற்கு மாநிலங்களில், உங்கள் மாநிலத்தில் இல்லாத படிப்பு என்றால் இன்னொரு மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணத்துக்கே படிக்க வழி இருக்கிறது. பெரிய பெயருள்ள பல்கலைக்கழகங்கள் பல இவற்றில் சேருவதில்லை, சேர்ந்திருக்கும் இடங்களிலும் எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது. சில இடங்களில் இதற்கென்று தனி விண்ணப்பமும் முந்தைய கடைசித் தேதியும் இருக்கும், அதனால் அட்மிஷனுக்கு அப்ளை செய்யும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.